வாடுவதற்கு நீர் இல்லாத பூ

மார்கழி முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே தொட்டியம் கடைத்தெருவில் வெள்ளைக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் கொத்துக்கும் நடுவே சாக்கை விரித்து, கைப்பிடி கைப்பிடியாக அடுக்கியிருப்பார்கள். நாமக்கல், கரூர் பக்கத்தார் பூளைப்பூ என்பார்கள். கூரைப்பூ, பொங்கப்பூ என்றும் சொல்வதுண்டு. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் சிறுபீளை. போகியன்று இதை வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டி, நிலைவாசலுக்கு மேல், கூரை எரவாணத்தில், மாட்டுக் கொட்டகையில், கிணற்று மேட்டில், வயலின் மூலையில் செருகுவார்கள். காப்புக் கட்டு என்று பேர். இப்போது டிராக்டருக்கும் டூவீலருக்கும்கூடக் காப்பு உண்டு.

மாசி பிறந்த பிறகு அந்தக் கட்டை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் ஒன்று தெரியும். வேப்பிலை சுருண்டு, தொட்டால் நொறுங்கும் பதத்தில் இருக்கும். ஆவாரம்பூவின் மஞ்சள் மறைந்து பழுப்பாகியிருக்கும். பூளை மட்டும் கட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளையாக நிற்கும். சித்திரை வெயில் அடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஒட்டடையும் புகையும் ஏறி அழுக்காகுமே தவிர, வாடாது. அடுத்த போகிக்குப் பழைய கட்டை இறக்கும்போதும் காம்பில் பூ இருக்கும்.

இது எப்படி என்று கேட்பதற்கு முன்னால், மற்ற பூக்கள் ஏன் வாடுகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது.

ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூச்சந்தையில் ஒரு மணி நேரம் நின்றாலே போதும், பாதி விளங்கிவிடும். அங்கே நடக்கும் வேலையில் பெரும்பகுதி நீரோடு நடக்கும் போராட்டம். மல்லிகை மேல் நீர் தெளிக்கிறார்கள். கூடையை ஈரத்துணியால் மூடுகிறார்கள். தொடுக்கிற வாழை நாரைக்கூட நனைத்துத்தான் எடுக்கிறார்கள். ஏனென்றால் மல்லிகை இதழ் என்பது பெரும்பாலும் நீர்தான். இதழின் ஒவ்வொரு செல்லும் மெல்லிய சுவர் கொண்ட சிறு பை. உள்ளே இருக்கும் நீர் அந்தச் சுவரை வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் சாதாரணமாக 3 முதல் 10 வளிமண்டலம் வரை போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். டயர் விறைப்பாக நிற்பதுபோல இதழும் அதனால்தான் விறைப்பாக நிற்கிறது. எலும்பு, சட்டம் என்று எதுவும் அதற்குள் இல்லை. காம்பிலிருந்து பறித்த நொடியில் நீர் வரத்து நின்றுபோகிறது, ஆவியாவது மட்டும் நிற்பதில்லை. அழுத்தம் இறங்கியதும் இதழ் தொய்கிறது.

இதோடு முடிவதில்லை. பல பூக்களில் இதழ் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளவும் செய்கிறது. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும், அல்லது வயதானதும், செடி எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்குகிறது. அது இதழ் செல்களுக்குப் போகிற உத்தரவு. புரதங்கள் உடைக்கப்படுகின்றன, எடுக்க முடிந்த சத்தைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது, மிச்சம் உதிர்கிறது. வண்டை அழைத்துவரத்தான் இதழ். வண்டு வந்து போன பிறகு அதற்கு நீர் செலவழித்துக்கொண்டிருக்கச் செடிக்கு என்ன அவசியம்?

பூளை இந்தச் செலவையே செய்வதில்லை. ஒரு கொத்தை எடுத்து, ஒற்றைப் பூவைக் கிள்ளி, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்கு ஒரு பூவாகத் தெரிவது உண்மையில் பல பூக்கள் நெருங்கிய கதிர். தனிப்பூ ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதில் இதழ், புல்லி என்று இரண்டு வகை கிடையாது; 5 சிறு மடல்கள் மட்டும். அந்த மடல்கள் ஆரம்பத்திலிருந்தே சவ்வுபோல உலர்ந்தவை. நீர் நிரம்பிய மெல்லிய செல்கள் அதில் சொற்பம். மடலின் வெளிப்புறம் முழுக்க நீளமான ரோமம். ரோமம் வளர்ந்து முடிந்ததும் அதன் செல்கள் இறந்துவிடுகின்றன, வெறும் சுவர் நிற்கிறது, உள்ளே காற்று. செடி நல்ல உயிரோடு வேர் பிடித்து நிற்கும்போதே பூவின் வெளிப்பக்கம் இந்த நிலையில்தான் இருக்கிறது. நாம் பறித்து எரவாணத்தில் செருகும்போது அதற்குப் புதிதாக நேர்வது எதுவும் இல்லை. இழக்க நீர் இருந்தால்தானே வாடுவதற்கு.

வெள்ளை நிறமும் அந்தக் காற்றால் வருவதுதான். பூளையில் வெள்ளைச் சாயம் என்று எதுவும் கிடையாது. ரோமத்தின் சுவரும் உள்ளே இருக்கும் காற்றும் மாறி மாறி வருவதால் வெளிச்சம் ஒவ்வொரு எல்லையிலும் சிதறுகிறது. எல்லா நிறமும் ஒரே அளவில் சிதறினால் நம் கண்ணுக்கு வெள்ளை. சோதித்துப் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். கதிரின் நுனியை நன்றாக நனைத்துப் பிழிந்தால் வெண்மை போய் மங்கலான சாம்பல் நிறமும் அடியில் உள்ள பச்சையும் தெரியும். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டதால் வெளிச்சம் சிதறாமல் ஊடுருவுகிறது. நிழலில் வைத்தால் காய்ந்து மறுபடி வெள்ளையாகிவிடும். சாயமாக இருந்தால் மங்கும், கரையும். காற்றுக்கு அந்தக் கவலை இல்லை.

செடிக்கு இந்தக் கம்பளியால் லாபம் என்ன? விதை கறுப்பாக, பளபளப்பாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். அது முற்றியதும் தனியாக வெளியே கொட்டுவதில்லை. மடலும் ரோமமும் சூழ்ந்த முழுப் பூவே கழன்று போகிறது. தை, மாசிக் காற்றில் பறக்கிறது, ஆட்டு மயிரிலும் மாட்டு வாலிலும் ஒட்டிப் போகிறது. விதைக்கான வாகனம் காய்ந்து இலேசாக இருந்தால்தான் தூரம் போகும். ஆக, கதிர் உலர்ந்திருப்பதில் முதல் பயன் விதைக்கு. நம் நிலைவாசலுக்குக் கிடைத்தது அதன் உபரி.

சிறுபீளையின் தாவரப் பெயர் ஏர்வா லனாட்டா. குடும்பம் அமராந்தேசி, அதாவது நம் தண்டுக்கீரை, அரைக்கீரை குடும்பம். பூ விட்ட கீரைத்தண்டின் கதிரைக் கையால் உருவியவர்களுக்குத் தெரியும், அது பூவுக்குரிய மென்மையோடு இருக்காது. உலர்ந்து சொரசொரவென்று இருக்கும். உலர்ந்த பூ என்பது இந்தக் குடும்பத்தின் பொதுக் குணம். அந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தார் ஆளுக்கொரு தொழில் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். பூளை அதைக் கம்பளியாக்கிக் காற்றில் பறக்கிறது. நாயுருவி அதே உலர்ந்த பாகத்தை முள்ளாக்கிக்கொண்டது. வரப்பில் நடந்து வந்தால் வேட்டிக் கரையில் வரிசையாகக் குத்திக்கொண்டு வருவது அதன் பூதான், உள்ளே விதையோடு. வாடாமல்லி அதையே வண்ணக் காகிதமாக்கியது.

வாடாமல்லியில் நாம் பார்க்கும் அந்தக் கத்திரிப்பூ நிற உருண்டை பூவல்ல. பூவை அணைத்து நிற்கும் பூவடிச் செதில்கள் அவை. உண்மையான பூ அந்தச் செதில்களுக்குள் ஒளிந்திருக்கும் சிறு குழல். அதன் நுனி மட்டும் மஞ்சள் புள்ளியாக எட்டிப் பார்க்கும். செதிலுக்கு நிறம் தருவது பீட்டாலைன் வகைச் சாயம். பீட்ரூட் வெட்டினால் கையில் ஒட்டுமே, அதே வகை. ரோஜா, செம்பருத்தி, கத்திரிக்காய்த் தோல் எல்லாவற்றுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற வேறொரு வகை. இந்த இரண்டு சாயமும் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இயற்கையில் இதுவரை காணப்படவில்லை. ஒரு தாவரம் ஒன்றை வைத்திருந்தால் மற்றது இருக்காது. காகிதப்பூ, கள்ளிப்பூ, பீட்ரூட், கீரை, வாடாமல்லி எல்லாம் பீட்டாலைன் கட்சி. இந்தச் சாயம் நீரிலும் சூட்டிலும் சிதையும். உலர்ந்த செதிலில் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். வெயில் படாமல் வைத்தால் இன்னும் அதிக நாள்.

வாடாமல்லி நம் ஊர்ச் செடியல்ல என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. எவ்வளவு வேகமாக வந்தது என்பதற்கு அத்தாட்சி, டச்சுக்காரர்களின் கொச்சி ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ஹோர்துஸ் மலபாரிக்குஸ். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்த நூலில் கேரளத்துச் செடிகளோடு செடியாக இதுவும் வரையப்பட்டிருக்கிறது. கொலம்பஸ் போய் இரண்டு நூற்றாண்டு ஆவதற்குள் உள்ளூர்ப் பெயரும் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டுவிட்டார்கள். 1753இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது பிறப்பிடம் இந்தியா என்றே எழுதிவைத்தார். இன்று தோவாளையிலிருந்தும் திண்டுக்கல் பக்கமிருந்தும் ஓணத்துக்கு மூட்டை மூட்டையாக இது கேரளம் போகிறது. நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் பாய் டீக்கா நாளில் அக்கா தங்கைகள் சகோதரர்களுக்கு வாடாமல்லி மாலை போடுகிறார்கள். ஆயுள் நீள வேண்டும் என்று நினைப்பவர்கள் மல்லிகையைத் தேர்ந்தெடுக்காததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வாடாமல்லி ஒரு பருவச் செடி. விதைத்து, பூத்து, ஆறேழு மாதத்தில் போய்விடும். பூ நிற்கும், செடி நிற்காது. பூளை பல்லாண்டுச் செடி. அடித்தண்டு கட்டையாகி, ஆழமாக ஆணிவேர் இறக்கி, கோடையில் மேலே காய்ந்தாலும் அடுத்த மழைக்கு வேரிலிருந்து தழைக்கும். வாடாத பூவும் மாளாத வேரும் சேர்ந்த செடி நம் பக்கத்துச் சமவெளியில் அதிகமில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரத்துப் புல்வெளிகளில் அனாபாலிஸ் என்ற வெள்ளைப் பூச்செடிகள் இருக்கின்றன. அவை சூரியகாந்திக் குடும்பம். இலையெல்லாம் வெண்பஞ்சு மூடி, பூவைச் சுற்றி முத்து நிறத்தில் உலர்ந்த செதில்களோடு நிற்கும். அதே குடும்பத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வைக்கோல் பூவும் உண்டு. மலைப் பூங்காக்களில் வளர்ப்பார்கள். அதன் காய்ந்த பூ ஒன்று கிடைத்தால் நீர் தெளித்துப் பாருங்கள். விரிந்த செதில்கள் சில நிமிடங்களில் உள்ளே மடங்கி, பூ மூடிக்கொள்ளும். காய்ந்ததும் திறக்கும். பறித்துப் பல மாதம் ஆன பூவும் இதைச் செய்யும், ஏனென்றால் இது உயிரின் வேலையல்ல. செதிலின் இரு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. ஒரு பக்கம் அதிகம் உப்புவதால் வளைகிறது. உயிருள்ள செடியில் மழை வந்தால் மகரந்தத்தைக் காப்பாற்றும் கூரை அது.

தொட்டியத்துக்கு வருவோம். திருச்சியிலிருந்து முசிறி வழியாக நாமக்கல் போகும் சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது ஊர். மதுரகாளியம்மன் கோயிலும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வெளியூரில் இதற்குப் பேர் வாங்கித் தந்தவை. சாலைக்குத் தெற்கே ஆற்றை நோக்கி நடந்தால் வாழை, கொடிக்கால், கோரை. நீர் நின்று நிதானமாகப் பாயும் பூமி. வாழை மரம் என்று நாம் சொல்வது மரமல்ல, ஒன்றை ஒன்று சுற்றிய இலை மட்டைகள். எடையில் 90 சதவீதத்துக்கு மேல் நீர். அங்கே பூளையைத் தேடினால் கிடைக்காது. வரப்பின் உச்சியில் ஒன்றிரண்டு இருந்தால் உண்டு. வடக்கே தலைமலையைப் பார்க்க நடக்க வேண்டும். வாய்க்கால் பாசனம் எட்டாத மேட்டுக்காடு தொடங்கியதும், சரளை கலந்த செம்மண்ணில், வேலியோரத்தில், சோளம் அறுத்த காட்டில், கோயில் திடலில் பூளை முழங்கால் உயரத்துக்குப் புதராக நிற்கும்.

ஐப்பசி மழையில் முளைத்தது அல்லது துளிர்த்தது, மார்கழிப் பனியில் கதிர் வாங்கி, தையில் உச்சத்தில் இருக்கும். அறுவடைக்கும் அதற்கும் ஒரே நாட்காட்டி. இலை சிறியது, ஒரு விரற்கடை இருக்கும். அடிப்புறம் முழுக்க வெண்ரோமம். இலைத்துளைகளை ஒட்டி அந்த ரோமம் அசையாத காற்றுப் படலம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீராவி அதைத் தாண்டி வெளியேற நேரமாகிறது. பூவுக்குச் செய்த அதே ஏற்பாட்டை இலைக்கும் கொஞ்சம் செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

இந்தச் செடி தமிழ் இலக்கியத்துக்கு நன்றாகத் தெரிந்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலில் பூளை இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்தார் சமைத்த வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவை உவமை சொல்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வரகரிசிச் சோற்றைப் பொங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண் எவ்வளவு கூர்மையானது என்று புரியும். சின்னச் சின்னதாய், வெள்ளையாய், ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும். வரகு விளையும் மேட்டுக்காட்டில்தான் பூளையும் நிற்கும் என்பதால் உவமைக்கு வெகுதூரம் போகவும் வேண்டியிருக்கவில்லை.

சரி, இதை வீட்டில் வளர்க்க முடியுமா? முடியும். தானாக முளைக்கிற ஒன்றைத் தொட்டியில் வளர்ப்பானேன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மேட்டுக்காடு வீட்டுமனையாகிக்கொண்டிருக்கிறது, வேலியோரத்திலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பொங்கலுக்கு ஒரு கைப்பிடி பூவுக்கு நம் மொட்டைமாடியையே நம்பலாம், அதற்கு வேண்டிய வெயில் அங்கே தாராளம்.

விதை வாங்க வேண்டியதில்லை. இந்த வருஷம் வாசலில் கட்டிய கொத்திலேயே இருக்கிறது. நன்றாக முற்றிய கதிரை, அதாவது அடியிலிருந்து பஞ்சு கழலத் தொடங்கியதை, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கறுப்பு விதை கண்ணில் படும். பஞ்சோடு தூவினாலும் பாதகமில்லை. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், கிடைத்தால் கொஞ்சம் சரளை. தொட்டிக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம், ஆணிவேர் இறங்க வேண்டும். அடித்துளை அடைபடாமல் ஓட்டாஞ்சில்லு போட வேண்டும். விதையை மேலாகத் தூவி, விரலால் அழுத்தினால் போதும். மில்லிமீட்டர்கூட இல்லாத விதையை ஆழத்தில் புதைத்தால் மேலே வரும் பலம் அதற்கு இருக்காது. ஆடிக்குப் பிறகு, முதல் மழை விழும் சமயம் தூவுவது நல்லது. முளைக்கும்வரை மேல்மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் செடி நம்மிடம் தண்ணீரைக் கேட்கும் காலம் அநேகமாக அது ஒன்றுதான்.

நாலு இலை வந்ததும் நெருக்கமாக உள்ளவற்றைக் களைந்து, தொட்டிக்கு ஒன்றோ இரண்டோ விட வேண்டும். பிடுங்கி நடுவதாக இருந்தால் அப்போதே நட வேண்டும். ஆணிவேர் இறங்கிய பிறகு இடம் மாற்றினால் பிழைப்பது சந்தேகம். அதற்கப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் செய்யாமல் இருப்பதுதான். செடி வளர்ப்பவர்களுக்கு இது மிகக் கஷ்டமான வேலை. காலையில் எல்லாத் தொட்டிக்கும் ஊற்றிக்கொண்டு போகும் கை இதற்கும் ஊற்றிவிடும். மண் விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தொடர்ந்து ஈரம் நின்றால் அடித்தண்டு அழுகும். எருவும் அப்படித்தான். தொழுவுரத்தை அள்ளிப் போட்டு, நிழலில் வைத்து வளர்த்தால் செடி உயரமாக, பச்சையாக, தொளதொளவென்று வளரும். கதிர் இடைவெளி விட்டு மெலிந்து வரும். முழு வெயிலும் ஏழை மண்ணும் கிடைத்த செடியில்தான் கணுவுக்குக் கணு பூ நெருங்கும். நாற்று ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். இலையிடுக்கில் மாவுப்பூச்சி வந்தால் கண்டுபிடிப்பது சிரமம், வெள்ளையில் வெள்ளை. எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் துப்புக் கிடைக்கும்.

முதல் வருஷத்திலேயே பூக்கும். கதிரின் அடியில் உள்ள பூ முற்றி, நுனியில் இன்னும் மொட்டு இருக்கும் பருவத்தில் அறுக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் பஞ்சு கொட்டிவிடும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் அறுப்பது நல்லது. சின்னக் கட்டுகளாகக் கட்டி, நிழலில், காற்று ஓடும் இடத்தில், தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும். பூ ஏற்கெனவே காய்ந்ததுதான். தண்டிலும் இலையிலும் உள்ள ஈரம் போவதற்கும், தண்டு வளையாமல் நேராக விறைப்பதற்கும்தான் இந்த ஏற்பாடு. வாடாமல்லிக்கும் இதே முறைதான்.

அறுக்க வேண்டும் என்று சொன்னேன். பிடுங்கக் கூடாது. கடைத்தெருவுக்கு வரும் பல கட்டுகளில் வேர் மண்ணோடு தொங்குவதைப் பார்க்கலாம். மழை ஈரம் இருக்கும் மண்ணில் கையால் இழுப்பது அரிவாளை எடுப்பதைவிடச் சுலபம், கட்டும் கனமாகத் தெரியும். ஒரு பருவச் செடியென்றால் அதில் பெரிய நஷ்டமில்லை, எப்படியும் சாகப்போவது. பல்லாண்டுச் செடியின் வேரைப் பிடுங்குவது அடுத்த நாலைந்து பொங்கலையும் சேர்த்துப் பிடுங்குவது. தரையிலிருந்து நாலு விரற்கடை விட்டு அறுத்தால், பங்குனியில் குச்சியாக நின்று, மழைக்கு அதே கட்டையிலிருந்து முன்பைவிட அதிகக் கிளையோடு வரும். ஆடு மேய்ந்த இடத்தில் பூளை அடர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடு மேலேதான் கடிக்கும், வேரைப் பிடுங்காது.

மருந்துக்கென்றால் கதை வேறு. சித்த மருத்துவத்தில் சிறுபீளை சமூலமாக, வேர் முதல் பூ வரை, பயன்படுகிறது. நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் இதன் குடிநீர் நெடுங்கால வழக்கம். கேரளத்தில் தசபுஷ்பம் என்ற பத்துப் பூக்களில் இது ஒன்று. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூக்கீரை என்பார்கள். சிங்களவர் பொல்பலா என்று தேநீர்போலக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். கால்சியம் ஆக்ஸலேட் கல் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்ததில் ஆக்ஸலேட் குறைந்ததாக 2006இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. மறுபக்கமும் உண்டு. இலங்கையில் பொல்பலாக் கஷாயத்தை நீண்ட காலம் குடித்துவந்தவரின் சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் படிந்து பழுதானது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கீரைக் குடும்பத்துக்கு ஆக்ஸலேட் புதிதல்ல. கல்லுக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி மொட்டைமாடிச் செடியைப் பிடுங்கித் தினமும் காய்ச்சிக் குடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

பூளையின் அண்ணன் ஒருவன் இருக்கிறான், பெரும்பூளை. கதிர் நீளம், கம்பளி இன்னும் அடர்த்தி, இன்னும் வறண்ட நிலத்தில் நிற்பவன். அரேபியாவுக்குத் தாவரம் தேடிப் போய் 1763இல் ஏமனில் இறந்துபோன ஃபோர்ஸ்கோல், இந்தப் பேரினத்தை அங்கே கண்டு எழுதிவைத்தார். அவர் இறந்து 12 வருஷம் கழித்து, அந்தப் பயணத்தில் உயிரோடு திரும்பிய ஒரே ஆளான நீபூர் அதை அச்சிட்டார். அந்தப் பாலைநிலங்களில் தலையணைக்கும் சேணத்துக்கும் இதன் பஞ்சை அடைப்பார்கள். 1960களில் மேற்கு ஆஸ்திரேலியாவில், மாடுகள் மேய்ந்து மொட்டையாகி மண் அரித்துப்போன ஆர்ட் ஆற்றுப் படுகையில், மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காகப் புல் வகைகளோடு பெரும்பூளையையும் விதைத்தார்கள். மண்ணைப் பிடித்தது. பிறகு நிறுத்தத்தான் முடியவில்லை. வட ஆஸ்திரேலியாவில் அது இன்று களைப் பட்டியலில் இருக்கிறது. காற்றில் பறக்கிற விதைக்கு எல்லைக்கல் தெரியாது. மாடியில் வளர்ப்பவர்கள் பக்கத்துத் தொட்டிகளில் திடீரென்று பூளை நாற்றுகள் முளைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அவற்றை நாலு இலைப் பருவத்திலேயே எடுத்து, ஒரு காகிதக் கப்பில் வைத்து, அடுத்த வீட்டில் கொடுத்துவிடலாம்.

மூன்று நான்கு வருஷத்தில் அடித்தண்டு முற்றிக் கட்டையாகி, கிளை குறையத் தொடங்கும். அப்போது அந்தத் தொட்டியின் ஓரத்தில் தானாக முளைத்த நாற்றுகளில் ஒன்றை விட்டுவைத்தால் போதும். தண்ணீர்க் குழாயை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும்.